கோடு போட்ட வரியை மட்டும் படித்தவர்கள்

1. மதியச் சாப்பாட்டு நேரத்தில், பின்னறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, போனில் படித்துக்கொண்டிருந்த நாவலில் ஒரு வரிக்கு மஞ்சள் கோடு போட்டேன்.

2. மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் ரிக் வண்டியோடு இருந்த என் கணவர் அன்று சாயங்காலம் தன் டேப்லெட்டில் அந்த வரியைப் பார்த்தார்.

3. அவர் என்னிடம் கேட்கவில்லை. தன் அம்மாவிடம் கேட்டார்.

4. அத்தை என்னிடம் கேட்கவில்லை. என் அம்மாவிடம் கேட்டார்.

5. என் அம்மா யாரிடமும் கேட்கவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெண்ணந்தூரிலிருந்து பஸ் ஏறிவிட்டார்.

6. ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள்.

7. என் மேசை ஹாலுக்கு வந்தது.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. என்னைத் தவிர யாரும் அந்த நாவலைப் படித்தவரும் இல்லை.

நான் மென்பொருள் சோதனை செய்கிறவள். பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்காக, திருச்செங்கோட்டுப் பக்கம் இருக்கும் என் மாமியார் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் அது எப்படி வந்தது என்பதை வரிசையாக எழுத வேண்டும். படிக்கிறவர் அதே வரிசையில் செய்து பார்த்தால் அதே பிழை அவருக்கும் வர வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டு விஷயத்திலும் வந்துவிடுகிறது. மேலே இருக்கும் வரிசையைப் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருக்கிறது. அவரவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ஏழாவது படியில், இந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே கதவு போய்விடுகிறது.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமையலறையைத் தாண்டி, முன்பு மாட்டுக்குத் தவிட்டு மூட்டை போட்டு வைத்திருந்த இடம். ஜன்னல் என்று ஒன்று உயரத்தில் இருக்கிறது. அதன் வழியாகப் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். காற்று வராது. வெயில் காலத்தில் லேப்டாப்பின் சூடும் சேர்ந்துகொள்ளும். கல்யாணம் முடிந்து வந்தபோது, மேசை எங்கே போடலாம் என்று கேட்டார்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் இருப்பதைப் பார்த்துவிட்டு இந்த அறையைச் சொன்னேன். மீட்டிங் நடக்கும்போது சத்தம் வரக்கூடாது என்றதும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மதியம் மீட்டிங் கிடையாது. நான் அதைச் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. சாப்பிட்டு முடித்து அரைமணி நேரம், கதவு மூடியிருக்க, படிப்பேன்.

இந்த வீட்டில் புத்தகம் படிக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வந்த புதிதில் ஒருநாள் ஹால் சோபாவில் ஒரு புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தை அந்தப் பக்கமாகப் போனவர் நின்றார்.

"ஏங்கண்ணு, தலவலியா?"

"இல்லீங்க அத்தை. சும்மா படிக்கறேன்."

"சும்மா எதுக்குக் கண்ணு படிக்கற? ஊட்டு நெனப்பு வந்துருச்சா? அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசு."

சுக்குக் காப்பி வந்தது. மாமா டிவி சத்தத்தைக் குறைத்தார். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஒடம்பு சொகமில்லயா?" என்றார். பொம்பளைப் பிள்ளை பட்டப்பகலில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் ஏதோ துக்கம் இருக்க வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அப்படி யாருக்கும் தோன்றாது. அதனால் போனுக்கு மாறினேன்.

போனில் புத்தகம் வாங்கும் கணக்கைத் திறந்து கொடுத்தது என் கணவர். கல்யாணமான முதல் மாதம், எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு, அவருடைய கார்டில் அவரே ஆரம்பித்தார். என் காகிதப் புத்தகங்கள் வெண்ணந்தூரில் பரண் மேல் முட்டை அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. "மூட்டையோட போனா என்ன நெனைப்பாங்க" என்று அம்மா அனுப்பவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைத்த மனிதர் என்று இன்றும் அவரை நினைக்கிறேன். கணக்கு ஒன்றுதான் என்பதால், நான் போனில் வாங்கும் புத்தகம் அவர் டேபிலும் வரும். நான் போடும் கோடும் அங்கே தெரியும். கோடு போட்ட வரிகளை மட்டும் தனியாகப் பொறுக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக அந்தச் செயலியே அடுக்கிக் காட்டும்.

ரிக் வண்டிக்காரர்கள் மழைக்காலம் முடிந்தால் போர் போட வெளிமாநிலம் கிளம்பிவிடுவார்கள். மாதக்கணக்கில் அங்கேதான். ஒருநாள் போனில், "நேத்து நீ கோடு போட்டது நல்லா இருந்துச்சு" என்றார்.

"எதுங்க?"

"மழ பேஞ்சதும் மண்ணு வாசம் வருதுன்னு ஒண்ணு. இங்க போர் போடறப்ப மொத ஈர மண்ணு மேல வரும் பாரு, அதே வாசந்தான். பசங்களுக்கும் படிச்சுக் காட்டுனேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "முழுசா படிங்களேன்" என்றேன்.

"எங்க சாமி நேரம்? கம்ப்ரசர் சத்தத்துல நாலு வரி படிக்கறதே பெருசு. நீதான் கோடு போடறயே, அதுலயே சாரம் வந்துருதில்ல? நீ தேங்காய ஒடைச்சுப் பருப்பெடுத்து வெக்கற, நா திங்கறேன்."

சிரித்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் அன்றைய கோடுகளைப் பற்றிப் பேசுவார். ஒரு மாதம் போனபின்தான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு வரியின்மேல் விரல் போகும்போது, இதைப் பார்த்தால் அவர் என்ன சொல்வார் என்று முதலில் தோன்றியது. வரி பிடித்திருக்கிறதா என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது. கதவு தாழிட்டிருந்தது. ஆனாலும் தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார், அன்பாக.

அப்போது படித்துக்கொண்டிருந்த நாவல், கடலோரத்தில் உப்பளம் வைத்திருக்கும் ஒரு கூட்டுக்குடும்பத்தைப் பற்றியது. அதில் இளைய மருமகள் ஒரு பொய்க்காரி. சாதாரணப் பொய்க்காரி இல்லை, அதில் தேர்ந்தவள். அவளுக்குப் பட்டணத்தில் சர்க்கஸ் பார்க்கப் போக வேண்டும். கண்களைத் துடைத்துக்கொண்டு மாமியாரிடம் வந்து, இந்த வீட்டில் தனக்கு மூச்சு முட்டுகிறது, சுவரெல்லாம் கிட்டே வருகிறது, நாலு நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வந்தால்தான் உயிர் தரிக்கும் என்கிறாள். மாமியார் பதறிப்போய்ச் சம்மதிக்கிறார். உடனே, வழிக்குத் தயிர்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டித் தரச் சொல்கிறாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். எழுதியவரின் கைத்திறன் அந்த மூச்சு முட்டும் வரியில்தான் இருந்தது. தனியாகப் படித்தால் உண்மை போலவே இருக்கும் பொய். கோடு போட்டேன்.

தனியாகத்தான் அது போய்ச் சேர்ந்தது.

இந்தப் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. அங்கே ஆசிரியர் ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாக வருவார். "இங்கிருந்து இது வரைக்கும்" என்பார். ஐம்பது பேரும் ஒரே இடத்தில் கோடு போடுவோம். கோடு போட்டது பரீட்சையில் வரும். போடாதது அச்சடித்த கடைக்காரனுக்கு. வருடம் முடியும்போது பாதிப் பக்கங்கள் கை படாமல் புத்தம் புதிதாக இருக்கும். என் கணவர் அப்படிப் படித்து நல்ல மார்க் வாங்கியவர். நானும்தான். கோடு போட்ட வரி என்றால் முக்கியமான வரி. முக்கியமானது என்றால் உண்மை. வேறு எதற்காகவும் ஒருவர் கோடு போடுவார் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒரு பொய் அழகாக இருக்கிறது என்பதற்காகக் கூடக் கோடு போடலாம் என்பதை, கல்லூரிக்குப் போய்ப் பாடமில்லாத புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்தபின் நானாகத்தான் பழகிக்கொண்டேன். காகிதத்தில் என்றால் ஓரத்தில் பென்சிலால் 'பொ' என்று சின்னதாக எழுதிவைப்பேன். போனில் மஞ்சளோடு விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவும் அப்பாவும் கொய்யாப்பழப் பையும் முறுக்கு டப்பாவுமாக வந்து இறங்கினார்கள். சொல்லாமல் வரும் வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. அப்பா ஹாலில் மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அம்மா தண்ணீர் குடிக்கிற சாக்கில் என்னைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"அம்மிணி, நெசத்தச் சொல்லு. அடிச்சுப்போட்டாரா?"

"யாரும்மா?"

"மாப்பளதான்."

"அவரு ஆயிரம் மைலுக்கு அக்கட்ட இருக்காரு. எப்படி அடிப்பாரு?"

"போன்ல கீது வஞ்சாரா?"

"இல்லம்மா. என்ன ஆச்சு?"

"பொறகு ஏன் மூச்சு முட்டுதுன்னு எழுதுன?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. "நா எழுதல. கதப் புத்தகத்துல இருந்துச்சு. கோடு போட்டேன்."

"அதத்தான் கேக்கறேன். முக்கியம்னு தான கோடு போடுவ? நீ படிக்கறப்ப நாம் பாத்ததில்லயா?"

ஹாலில் அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டு டீப்பாய்மேல் வைத்திருந்தார். அந்தப் பக்கம் கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவே என் கணவர். அத்தையின் முகம் சிவந்து வீங்கியிருந்தது. ராத்திரி தூங்கவில்லை என்று தெரிந்தது.

"சம்பந்தியம்மா, நீங்களே கேளுங்க" என்றார் அத்தை. "இந்த ஊட்டுல இவளுக்கு என்ன கொறச்சல் வெச்சோம்? காலைல எந்திரின்னு ஒரு சொல்லு சொன்னதில்ல. எனக்கொரு மக இருந்தாக்கூட இப்படி வெச்சிருக்க மாட்டேன்."

"அய்யோ, உங்களச் சொல்லல சம்பந்தி" என்றார் அம்மா. "இவளுக்குச் சின்னதுலருந்தே இப்படித்தான். பொட்டாட்ட இருப்பா, உள்ள என்ன ஓடுதுன்னு தெரியாது."

போனிலிருந்து அவர் குரல் வந்தது. "சாமி, உனக்கு எதாச்சும் கஷ்டம்னா நேரா சொல்லு. இப்படிக் கோடு போட்டுச் சொல்ல வேண்டாம்."

பிழை என்ன என்று தெரிந்தால் எனக்குப் பதற்றம் வராது. நாவலைப் போனில் திறந்தேன். அந்த வரியை மட்டும் படிக்கவில்லை. முந்தைய பக்கத்தில் சர்க்கஸ் வண்டி ஊருக்குள் விளம்பரம் செய்துகொண்டு போவதிலிருந்து ஆரம்பித்து, தயிர்சோறு மூட்டை கட்டுவது வரை உரக்கப் படித்தேன். மூச்சு முட்டும் இடம் வந்தபோது அம்மா என் முழங்காலைப் பிடித்தார். ஊறுகாய் வந்தபோது அத்தைதான் முதலில் சிரித்தார்.

"அடி கள்ளி! அழுத கண்ணு காயறதுக்குள்ள ஊறுகாயா கேக்கறா?"

"அந்த மாமியாளும் நம்பிப்போட்டாளே!" என்றார் அம்மா.

"நம்பாம? நீங்களும் நானும் நம்பலையா?" என்று அத்தை என் அம்மாவின் கையில் தட்டினார். இருவரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த மாமா, "சர்க்கஸ் பாத்தாளா இல்லையா?" என்று கேட்டார்.

"பாத்தாளுங்க மாமா. முன்வரிசைல உக்காந்து."

"அப்பறமென்ன, நல்ல கததான்."

போனில் என் கணவரும் சிரித்தார். "அப்ப சும்மாதான் போட்டயா? ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல, தெரியுமா?"

அந்தச் சில நிமிடங்கள் நன்றாக இருந்தன. ஒரு வரியாகப் போய்ப் பயமுறுத்தியது, இரண்டு பக்கமாக வந்ததும் எல்லோரையும் சிரிக்க வைத்தது. எப்படிப் படித்தால் என்ன, கதை அதேதானே என்று யாராவது என்னிடம் இனிமேல் கேட்டால் இதைச் சொல்லலாம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். எழுந்து காப்பி போடப் போனேன்.

திரும்பி வருவதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போயிருந்தது.

"எதுக்கும் இருக்கட்டும் சம்பந்தி" என்றார் அத்தை. "கதையோ நெசமோ, அந்த ரூமும் கொகையாட்டந்தான கெடக்குது? காத்து உண்டா, வெளிச்சம் உண்டா? பகலெல்லாம் கதவ வேற சாத்திக்கறா. யாருக்குத்தான் மூச்சு முட்டாது? மேசையத் தூக்கி இந்தக் கெழக்கு ஜன்னலோரம் போட்டுரலாம்."

"காத்து அள்ளிக்கிட்டு வரும்" என்றார் மாமா.

தட்டை வைத்துவிட்டு, "வேண்டாங்க அத்தை. எனக்கு அங்கதான் சௌகரியம்" என்றேன்.

"கூச்சப்படாத கண்ணு."

"மீட்டிங் வருமுங்க. சத்தம் கேக்கும்."

"நாங்க பேசவே மாட்டோம் சாமி. டிவிய அமத்தி வெச்சுக்கறோம்."

"எல்லாத்துக்கும் தொந்தரவு..."

"பெரியவங்க உன்ற நல்லதுக்குத்தான சொல்றாங்க" என்றார் அம்மா. அவர் பார்வை, போதும் நிறுத்து என்றது. போனிலிருந்து என் கணவரும் சொன்னார்: "அம்மா சொல்றது செரிதான். அந்த ரூமு காலியானா எனக்கும் ஆகும். டிரில் பிட்டு, ஓஸ் பைப்பெல்லாம் வெளிய கெடந்து வீணாப்போவுது."

சொல்வதற்கு இன்னும் ஒரு காரணம் பாக்கி இருந்தது. எனக்கு அந்தக் கதவு வேண்டும். ஒருநாளில் அரைமணி நேரம் யாரும் பார்க்காத இடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். இல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். வாயைத் திறந்தேன். அதே வரி. கொஞ்சம் முன்புதான் அது பொய்க்காரியின் வரி என்று சாட்சிகளோடு நிரூபித்து, எல்லோரும் சிரித்து முடித்திருந்தார்கள். அதை இப்போது நான் சொன்னால் ஒன்று சிரிப்பார்கள், அல்லது அம்மா மறுபடியும் என்னைச் சமையலறைக்குள் இழுப்பார். வாயை மூடிக்கொண்டு காப்பியைக் கொடுத்தேன்.

மேசையின் ஒரு பக்கத்தை மாமா தூக்கினார். மறுபக்கம் என் அப்பா. ஒயரைச் சுருட்டி நானே எடுத்து வந்தேன். கிளம்பும்போது அப்பா, "இப்பதான் பாக்கறதுக்கு நல்லா இருக்குது" என்றார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம் அது. அன்றைக்கு நிம்மதியாகப் பஸ் ஏறினார்கள்.

காற்று நன்றாகத்தான் வருகிறது. மாமா சொன்னது பொய்யில்லை. திரையில் வெயில் விழாதபடி அத்தை ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை தைத்துப் போட்டார். ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் யாராவது வந்தால் எனக்கு எதிரே உட்கார்ந்து, "இதுல என்ன கண்ணு தெரியுது?" என்று லேப்டாப்பை எட்டிப் பார்க்கிறார்கள். மதியம் எல்லோரும் ஹாலில்தான் சாப்பிடுகிறோம். சாப்பிட்டதும் அத்தை என்னருகே நாற்காலி போட்டு, "அந்தக் கள்ளி இப்ப என்ன பொய் சொல்றா?" என்று கேட்கிறார். சொல்கிறேன். அவருக்கு அவள்மேல் ஆசை வந்துவிட்டது. அந்த அரைமணி நேரத்தை அவருக்குக் கதை சொல்லியே செலவழிக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் என்று சொன்னால் நான் பொய்க்காரி. வருத்தமில்லை என்று சொன்னாலும் பொய்க்காரிதான்.

வழி இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தேன். கோடு போடாமல் படித்தேன்; மூன்றாம் நாளே, "என்ன, கத நல்லால்லயா? ஒண்ணுமே வர்லயே?" என்று கணவரிடமிருந்து போன் வந்தது. கோடுகள் அவர் டேபுக்குப் போகாமல் நிறுத்தலாம். அந்தப் பொத்தான் எந்தத் திரையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்ற கேள்வி வரும். முதலில் அவருக்கு, அப்புறம் அத்தைக்கு, அப்புறம் வெண்ணந்தூருக்கு. பஸ் வசதி நன்றாக இருக்கிறது. பரணிலிருந்து காகிதப் புத்தகம் ஒன்றை எடுத்து வரலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தால் சுக்குக் காப்பி வரும். ராத்திரியில் படிக்கலாம் என்றால், அவர் ஊரில் இல்லாதபோது அத்தை பக்கத்தில்தான் எனக்குப் படுக்கை.

அதனால் இப்போது அவருக்காகக் கோடு போடுகிறேன். மழை, மீன் குழம்பு, உப்புப் பாத்தியில் விழும் காலை வெயில். யார் படித்தாலும் பயப்பட ஒன்றும் இல்லாத வரிகள். என்னை நிறுத்திய வரிகளைக் கோடில்லாமல் கடந்துபோகிறேன். "இப்பெல்லாம் நீ நெம்ப நல்லா படிக்கற" என்று போன வாரம் சொன்னார். ஸ்பீக்கரில் இருந்ததால் அத்தையும் கேட்டுத் தலையாட்டினார்.

இன்றைய நிலை இது. மேசை கிழக்கு ஜன்னலோரம் இருக்கிறது. பின்னறையில் டிரில் பிட்டுகளும் ஓஸ் சுருள்களும் இருக்கின்றன; விலை உயர்ந்த சாமான் என்பதால் வெளிப்பக்கம் பூட்டுப் போட்டிருக்கிறார்கள், சாவி அத்தையிடம். உள்பக்கத் தாழ்ப்பாளை யாரும் கழற்றவில்லை. நாவலில் கடைசி அத்தியாயம் மீதி இருக்கிறது. யாரும் பார்க்காத ஓர் அரைமணி நேரத்துக்காக அதை நான் இன்னும் திறக்காமல் வைத்திருக்கிறேன்.